சின்ன வயதில் படித்த பேசும் விலங்குகளின் நாவலை மறுபடியும் வாசிப்பது எப்படி

சின்ன வயதில் உயிராக இருந்த நாவலை நாற்பது வயதில் திரும்ப எடுப்பவர்களில் பலர், பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். "இவ்வளவுதானா இது" என்று தோன்றிவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் புத்தகத்தின்மேல் குற்றமில்லை. கையில் இருப்பது அன்றைக்குப் படித்த பதிப்பாக இருக்காது. அல்லது அன்றைக்கு ஒரு மாதம் படித்ததை இப்போது ஒரே ராத்திரியில் படித்துத் தள்ளியிருப்பார்கள். இரண்டையுமே சரிசெய்ய முடியும். நரி பேசுகிற, ஆமை கோபித்துக்கொள்கிற ஒரு நாவலுக்கு அந்தச் சிரமம் தகும்.

புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாவலைப் பற்றி நினைவில் இருக்கிற அத்தனையையும் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். துண்டு துண்டாக இருக்கட்டும்: எந்த விலங்கு யாரிடம் பொய் சொன்னது, யார் செத்தது, அட்டை என்ன நிறம், ஆற்றைக் கடக்கும் படம் இடப்பக்கத்திலா வலப்பக்கத்திலா, எந்த இடத்தில் பயந்து மூடினோம். அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கத்தில் இரண்டு விரல் அகலம் காலியாக விடுங்கள். வாசிக்கும்போது அதில் 'உண்டு', 'இல்லை', 'வேறு மாதிரி' என்று குறிக்கலாம். இதை முடிக்கும்வரை இணையத்தில் அட்டைப் படத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. ஒருமுறை பார்த்துவிட்டால் புதுப்படம் பழைய நினைவோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

அதே புத்தகம்தானா?

நோட்டில் எழுதியதில் முதலில் களைய வேண்டியது சினிமாவை. மௌக்லி கதை இதற்கு நல்ல உதாரணம். ரட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' 1894இல் வந்தது. அது நாவலே இல்லை, ஏழு கதைகளின் தொகுப்பு. அதில் மூன்று கதைகளில்தான் மௌக்லி வருகிறான். மீதி மௌக்லி கதைகள் 1895இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. குரங்குகளுக்கு உராங்குட்டான் ராஜா என்று எழுதியிருந்தால் அது 1967இல் வந்த டிஸ்னி படம். புத்தகத்தில் குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை; மற்ற விலங்குகள் அவற்றை மதிக்காததற்குக் காரணமே அதுதான். மலைப்பாம்பு கா படத்தில் வில்லன். புத்தகத்திலோ, மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்கக் கரடி பலூவோடும் கருஞ்சிறுத்தை பகீராவோடும் போவதே அதுதான். புலி ஷேர்கான் பிறவியிலேயே நொண்டி. இவற்றில் இரண்டு தப்பாக இருந்தால், உங்களுக்குப் பிடித்தது படமாக இருக்கலாம். தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

அடுத்தது சுருக்கப் பதிப்பு. கென்னத் கிரகாமின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' 1908இல் வெளியானது. மொத்தம் 12 அத்தியாயங்கள். சிறுவர்களுக்கெனச் சுருக்கியவர்கள் ஏழாவதையும் ஒன்பதாவதையும் அடிக்கடி எடுத்துவிடுவார்கள். ஏழாவதில் காணாமல்போன நீர்நாய்க் குட்டியைத் தேடி நீரெலியும் அகழெலியும் ராத்திரியில் படகில் போகின்றன. ஒன்பதாவதில் ஒரு கடல் எலி வந்து தான் பார்த்த துறைமுகங்களைப் பற்றிச் சொல்லி நீரெலியின் மனதைக் கலைத்துவிடுகிறது. தேரை மோட்டார் காரைத் திருடியது மட்டுமே உங்கள் நினைவில் இருந்தால், சுருக்கத்தைத்தான் படித்திருக்கிறீர்கள் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ரிச்சர்ட் ஆடம்ஸின் முயல் நாவலான 'வாட்டர்ஷிப் டவுன்' (1972) என்றால் முழுப் பதிப்பில் 50 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். தமிழ்ப் பதிப்பில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'தழுவல்', 'சுருக்கம்', 'மாணவர் பதிப்பு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடாமலும் விட்டிருப்பார்கள், அதனால் அத்தியாயங்களை எண்ணி மூலத்தோடு ஒப்பிடுவதே நிச்சயமான வழி.

சுருக்கம் என்று தெரிந்தால் எதை வாசிப்பது? முதலில் சின்ன வயதில் படித்த அதே சுருக்கத்தை வாசியுங்கள். முழுப் பதிப்பு அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து. நேரே முழுசுக்குப் போனால் இரண்டுமே கைக்கு வராது.

மதுரையில் தேட ஆரம்பிக்க நல்ல இடம் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம். பிறகு புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். சிறுவர் பகுதிக்கு நேரே போங்கள். புது மண்டபத்துக்குள் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, பழைய நினைப்பில் மண்டபத்துக்குப் போய் நிற்க வேண்டாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பழைய சிறுவர் நூல்களின் மறுபதிப்புகளையும் விசாரிக்கலாம். பழைய புத்தகக் கடைக்காரரிடம் தலைப்பை மட்டும் சொல்லாதீர்கள். நோட்டில் எழுதிய அட்டையின் நிறம், அளவு, படத்தில் என்ன விலங்கு என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கைக்கு அட்டைதான் பழக்கம்.

உள்ளூரில் கிடைக்காவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைப் பாருங்கள். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதால், அங்கேயும் கேட்கலாம்.

பைண்ட் செய்த தொடர்கதையாக இருந்தால்

நம் வீடுகளில் பல நாவல்கள் புத்தகமாக வந்ததே இல்லை. வாரப் பத்திரிகையிலோ சிறுவர் இதழிலோ வந்ததைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் போட்டு வைத்திருப்பார்கள். பரணிலிருந்து இறக்கினால் முதல் வேலை பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பது. உருண்டையான ஓட்டைகள் பல பக்கங்களை ஊடுருவிப் போயிருந்தால் வண்டு. மேற்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல் இருந்தால் வெள்ளி நிறத்தில் ஓடும் இராமபாணப் பூச்சி. மண் ஒட்டியிருந்தால் கரையான். புது மண் என்றால் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே தட்டித் துடையுங்கள்.

உயிருள்ள பூச்சி இருந்தால் வெயிலில் காயவைப்பதுதான் எல்லோரும் செய்வது. சித்திரை வைகாசி வெயிலில் அது பழைய தாளை அப்பளமாக்கிவிடும். அதற்குப் பதில் புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

அடுத்து, எழுத்தில்லாத ஒரு ஓரத்தின் மூலையை மடித்து நிமிர்த்திப் பாருங்கள். இரண்டு மடிப்பில் ஒடிந்து விழுந்தால் அந்தப் பிரதி தினமும் புரட்டத் தாங்காது. செய்தித்தாள் ரகத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே தங்கியிருப்பதால் வெளிச்சமும் வெப்பமும் பட்டுப் பழுத்து நொறுங்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய வீட்டில் வழியில்லை. ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், புத்தகத்தைச் செங்குத்தாக, அதாவது 'ட' வடிவத்துக்கு மேல் விரிக்காமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அச்செடுத்த பிரதியை வாசியுங்கள். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும்.

கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பிளாஸ்டிக் உரிந்துவிடும். பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை விழுங்கும். மைதா பசைதான் சரி. மூன்று மேசைக்கரண்டி மைதாவை 200 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒட்டுவதற்குப் பட்டம் செய்கிற மெல்லிய வெள்ளைத் தாள் போதும். நிறத்தாள் சாயம் விடும். அதைக் கத்தரியால் வெட்டாமல், தண்ணீர்க் கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். நார் நாராக வரும் ஓரம்தான் மேடு தட்டாமல் ஒட்டும். இரண்டு பக்கமும் பாலித்தீன் தாள் வைத்து, மேலே கனமான ஒன்றை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். பசை ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அட்டைக்குப் பரவாயில்லை. பக்கத்தை ஒட்டும் பசையில் கூடாது, ஏனென்றால் அதிலுள்ள செம்பு தாள் நொறுங்குவதை வேகப்படுத்தும். அது விஷமும்கூட, குழந்தைகள் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள். கடையில் கொடுக்கும்போது இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஓரம் வெட்ட வேண்டாம். பத்திரிகைப் பக்கங்கள் ஒரே அளவாக இருக்காது. மிஷினில் வைத்துச் சமமாக்கினால் பக்க எண்ணும் இதழின் தேதியும் போய்விடும். தேதி போனால் நடுவில் விடுபட்ட வாரம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பக்கவாட்டில் ஊசி குத்தும் தையலும் வேண்டாம், அது வரி முடிவில் இரண்டெழுத்தை விழுங்கிவிடும்.

வாசிக்கும் வேகம்

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். தொடர்கதையானால் ஒரு வாரத்துப் பகுதி. அதற்கு மேல் ஆசை வந்தாலும் நிறுத்துங்கள். இந்த வகை நாவல்களைக் கட்டியிருப்பதே நிறுத்தி நிறுத்தி வாசிப்பதற்குத்தான். அத்தியாய முடிவில் கண்ணியில் மாட்டிய முயல், மறுநாள் சாயங்காலம் வரை கண்ணியிலேயே இருக்க வேண்டும்.

சத்தமாக வாசியுங்கள், தனியாக இருந்தாலும். பேசும் விலங்குகளின் நாவலில் பாதி உயிர் பேச்சில் இருக்கிறது. கண்ணால் மட்டும் ஓட்டினால் எல்லா விலங்குக்கும் ஒரே குரலாகிவிடும். முதல் வாசிப்பில் குரல் மாற்றி நடிக்க வேண்டாம். எந்த விலங்கு நீள வாக்கியத்தில் பேசுகிறது, எது இரண்டு சொல்லில் முடிக்கிறது, யார் யாரை 'நீங்க' என்கிறது, யாரை 'ஏலே' என்கிறது என்று கவனித்தாலே குரல் தானாக வரும். நல்ல எழுத்தாளர் அதை வாக்கியத்திலேயே வைத்திருப்பார். எல்லா விலங்கும் ஒரே மாதிரி பேசினால், அது மொழிபெயர்ப்பின் குறையாக இருக்கலாம். அதற்காகக் கதையைக் கைவிடாதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகளோடு வாசித்தால் முதல் நாள் அரைமணிக்கு மேல் போகாதீர்கள். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாமல் நீங்கள் உங்களுக்காகச் சத்தமாக வாசித்துக்கொண்டே இருங்கள். பழைய கதைகளில் வேடனும் குறவனும் திருடனாகவே வருவதும், கறுப்பு என்றால் கெட்டது என்பதும் அடிக்கடி இருக்கும். அந்த வரியை மௌனமாகத் தாண்டிவிடுவதைவிட, வாசித்து நிறுத்தி, "இது தப்பா எழுதியிருக்கு" என்று சொல்லிவிடுவது நல்லது. தாண்டினால் பிள்ளை பின்னால் தனியாக வாசிக்கும்போது அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாக நினைக்கும். விலங்கு சாகும் இடத்தை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள்.

கதை விலங்கும் ஊர் விலங்கும்

முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, சின்ன வயதில் நம்மால் முடியாதது: எழுத்தாளர் எதைப் பார்த்து எழுதினார், எதைக் கற்பனை செய்தார் என்று பிரித்துப் பார்ப்பது. ரிச்சர்ட் ஆடம்ஸ் 'வாட்டர்ஷிப் டவு'னுக்கு ஆர். எம். லாக்லியின் முயல் ஆய்வு நூலை (1964) ஆதாரமாக வைத்துக்கொண்டார். அவருடைய முயல்கள் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற ஐரோப்பிய இனம். நம் கரட்டுக்காட்டு முயல் வளை தோண்டாது. புல்லிலும் புதரிலும் உடம்பு பதித்துப் படுக்கும். குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த நாவலின் வளைகள் ஏன் அவ்வளவு விநோதமாகத் தெரிந்தன என்பது இதில் விளங்கும்.

கிப்ளிங்கின் கீரிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கீரி ஓடிப்போய் ஏதோ பூண்டைத் தின்றுவிட்டு வரும் என்று நம் கிராமங்களில் இன்றும் சொல்வார்கள். கிப்ளிங் கதைக்குள்ளேயே அது உண்மையில்லை என்று மறுத்து, வெற்றி கண்ணிலும் காலிலும் உள்ள வேகத்தால்தான் என்கிறார். பாதி சரி. நாகத்தின் நரம்பு விஷம் போய் ஒட்டவேண்டிய இடம் கீரியின் உடம்பில் மாறியிருப்பதால் அது ஓரளவு தாங்கும் என்பது பின்னால் தெரியவந்தது.

உங்கள் நாவலில் முக்கியமான மூன்று விலங்குகளை எடுத்து நோட்டில் இப்படி எழுதுங்கள்: எப்போது இரை தேடுகிறது, எங்கே படுக்கிறது, கூட்டமா தனியா. பிறகு போய்ப் பாருங்கள். நாட்டுக் குரங்குகளுக்கு அழகர்கோயில் போதும். கூட்டத்தில் யார் யாருக்குப் பேன் பார்க்கிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனித்தால், குரங்குகளை வைத்து எழுதிய கதையில் எது நிஜம் என்று தெரியும். மேலூர் அருகே குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு, ராசாளி, தேவாங்கு, எறும்புதின்னி எல்லாம் அங்கே உண்டு. தேவாங்கும் எறும்புதின்னியும் ராத்திரியில் நடமாடுபவை, பகலில் போனால் பறவைகளை மட்டும் எதிர்பாருங்கள். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பாறை சூடாகிவிடும், ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர், தொப்பி, நோட்டு போதும். நாவலைக் கொண்டுபோக வேண்டாம், அழகர்கோயிலுக்கு நிச்சயமாக வேண்டாம்: பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் குரங்குகள் தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்கும்.