மெல்பர்னில் பிளானிங் பெர்மிட்: கவுன்சில் முடிவெடுக்கும் 60 நாள் கெடு எப்போது தொடங்குகிறது?

எங்கள் வீட்டின் பின்பக்கம் இன்னொரு வீடு கட்ட, பிளானிங் பெர்மிட் கேட்டு கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் என் அசட்டையால் செத்துப்போனது. கட்டிய கட்டணமும் அதோடு போயிற்று.

பிளானிங் பெர்மிட் என்பது பில்டிங் பெர்மிட் அல்ல. இந்த நிலத்தில் இப்படி ஒரு வீடு வரலாமா என்பது மட்டுமே இங்கே கேள்வி. 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு வீடு என்றால் 2023 டிசம்பர் முதல் பல இடங்களில் இந்தப் பெர்மிட்டே தேவைப்படாது. முதலில் அதை விசாரியுங்கள்.

படி 1: விக்டோரியா மாநில அரசின் விக்பிளான் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டி, மண்டலத்தையும் (நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பது) ஓவர்லேக்களையும் (அதன் மேல் வரும் கூடுதல் கட்டுப்பாடுகள்) பாருங்கள். இலவசம்தான். தரகர் வாய்மொழியாகச் சொல்வதைவிட இதையே நம்புவேன்.

படி 2: படிவம், நிலப் பத்திர நகல், வரைபடங்கள், கட்டணம். எல்லாம் இணையத்திலேயே.

படி 3: நான் விழுந்த இடம். கவுன்சில் 60 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று படித்துவிட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன். ஆனால் முதல் 28 நாட்களுக்குள் அவர்கள் கூடுதல் விவரம் கேட்டால் ஓடிய நாட்கள் கணக்கில் வராது. நீங்கள் சரியாகக் கொடுத்த நாளிலிருந்துதான் 60 தொடங்கும். என்னிடம் கேட்டது நிழல் வரைபடம்: செப்டம்பர் 22 அன்று காலை 9 முதல் பிற்பகல் 3 வரை பக்கத்து வீட்டு முற்றத்தில் என் சுவரின் நிழல் எங்கே விழும் என்று. வரைபவர் "அடுத்த வாரம்" என்றார், நானும் சும்மா இருந்தேன். கடிதத்தின் கீழே காலாவதித் தேதி இருந்தது. அதற்கு முன்பே எழுதி அவகாசம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

படி 4: அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம், வாசலில் அறிவிப்புப் பலகை. குறைந்தது 14 நாள். ஆட்சேபம் வந்தால் பதறாதீர்கள். கவுன்சில் தலைகளை எண்ணுவதில்லை. நிழல், எட்டிப்பார்க்கும் ஜன்னல், கார் நிறுத்தம் போன்றவற்றையே திட்ட விதிகளோடு ஒப்பிடும். "வீட்டு விலை விழுந்துவிடும்" என்பது பொதுவாக எடுபடாது.

படி 5: பெரும்பாலும் முடிவெடுப்பவர் அதிகாரம் பெற்ற அலுவலர், உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போவது சிலதான். மறுத்தால் விகாட் (VCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

பிற்சேர்க்கை: பலகை காற்றில் பறந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பலகையை நீங்களே வைத்தால், முழு நாட்களும் அது இருந்தது என்று சத்தியப் பிரமாணம் கொடுப்பதும் நீங்கள்தான். நான் கம்பி போட்டுக் கட்டி, தினமும் ஒரு படம் எடுத்தேன்.