ஊருக்குக் கிளம்பும் முன் ஆஃப்லைன்: நான் கோட்டைவிட்ட இடங்கள்

போன வாரம் நண்பனின் தம்பி கூப்பிட்டான். அமெரிக்காவில் படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறானாம். அதற்கு முன் கூட்டாளிகள் மூன்று பேரோடு தெற்கு டகோட்டாவில் ஐ-90 நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம். மேற்கே ராப்பிட் சிட்டியில் வாடகைக் கார் எடுப்பது, சாலையோர விசித்திரங்களைப் பார்த்துக்கொண்டே கிழக்கே வருவது, சூ ஃபால்ஸில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறுவது. அந்த இரண்டு நாளும் போன் ஏரோபிளேன் மோடில் கிடக்கும். "ஊருக்குப் போனா சொந்தக்காரங்க விட மாட்டாங்கண்ணா, அதுக்கு முன்னாடி கொஞ்சம் நிம்மதி" என்றான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் நான் போட்ட திட்டம் இதுவேதான், எழுத்துப் பிசகாமல்.

டயருக்குக் காற்று, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

வரைபடத்தில் விரலால் தூரம் அளப்பது

நெப்ராஸ்காவின் அலையன்ஸ் ஊரில் கார்ஹெஞ்ச் இருக்கிறது. ஜிம் ரெய்ண்டர்ஸ் என்பவர் தன் அப்பாவின் நினைவாக 1987-இல் பழைய கார்களை நட்டு, சாம்பல் நிறம் அடித்து, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியே நிறுத்தி வைத்தார். பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் ஐ-90-க்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளித் தெரியும் அந்த இடம், ராப்பிட் சிட்டியிலிருந்து தெற்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். "போகிற வழியில்தானே" என்று தம்பி சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் இருப்பவைதான் வழியில் இருப்பவை. மற்றதெல்லாம் தனிப் பயணம்.

மேப்பில் பின் குத்திவிட்டால் முடிந்தது என்று நினைப்பது

இடங்களைச் சேமித்து வைப்பது வேறு, அந்தப் பகுதியின் மேப்பை இறக்கி வைப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறைய. சிக்னல் போனதும் வெறும் சாம்பல் கட்டத்தின் மேல் அழகாகப் பத்துப் பின்கள் மிதக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு பின்னையும் தொட்டு, வழி போடுகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் பற்றிக் கவலை வேண்டாம். அது செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்குகிற வேலை மட்டும்தான், டவர் இல்லாமலும் நடக்கும்.

இறக்கி வைத்த மேப்பில் ஊர்கள் கிடைக்கும், ஆனால் சாலையோர வேடிக்கை எல்லாம் தேடினால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 'உலகின் மிகப் பெரிய நூலுருண்டை' என்று வீட்டில் இருக்கும்போது தேடிப் பாருங்கள், இரண்டு ஊர்கள் வரும். மினசோட்டாவின் டார்வினில் இருப்பது பிரான்சிஸ் ஜான்சன் என்ற ஒற்றை ஆள் 1950-இல் ஆரம்பித்து 29 வருடம் சுற்றியது. கான்சாஸின் காக்கர் சிட்டியில் இருப்பதை 1953-இல் ஒருவர் ஆரம்பித்தார், ஊர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம். எது எது என்று நடுவழியில் சரிபார்க்க இணையம் இருக்காது.

என் வழி, காகிதத்தில் எக்ஸிட் எண்களை, அதாவது நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வழிகளின் எண்களை, எழுதிக்கொள்வது. தெற்கு டகோட்டாவில் எக்ஸிட் எண் என்பது மேற்கு எல்லையிலிருந்து எத்தனையாவது மைல் என்பதுதான். வால் ஊர் 110, மிட்செல் 332. கழித்தால் 222 மைல். மேப்பே வேண்டாம்.

கடிகாரத்தைப் போனிடம் ஒப்படைப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தெற்கு டகோட்டா ஒரே மாநிலம், ஆனால் இரண்டு நேரம். மேற்குப் பாதி மவுண்டன் நேரம், கிழக்குப் பாதி சென்ட்ரல் நேரம். ஐ-90-இல் கடோக்கா ஊரைத் தாண்டி முர்டோவுக்கு வருவதற்குள் எங்கோ ஒரு கோட்டில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கிறது. கிழக்கே போகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் அப்படியே போச்சு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பல போன்கள் நேர மண்டலத்தை டவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கின்றன. டவரோடு பேசாதே என்று நானே அதன் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன்.

காலையில் ஒன்பதரைக்கு வால் ஊரிலிருந்து கிளம்பினேன். அங்கே இருக்கும் 'வால் ட்ரக்' என்ற மருந்துக் கடை, 1936-இல் 'இலவச ஐஸ் தண்ணீர்' என்று சாலையோரத்தில் பலகை வைத்தே பிழைத்துக்கொண்ட கடை. பலகைகளை ரசித்துப் படிக்கிற பழக்கம் அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். 170-ஆவது எக்ஸிட் பக்கம் ஒரு மனித எலும்புக்கூடு, டைனோசர் எலும்புக்கூட்டைக் கயிறு கட்டி நாய் மாதிரி நடத்திக்கொண்டு போகும். இறங்கிப் படம் எடுத்து, சிரித்து, மறுபடி ஏறி, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நேரக் கோட்டைத் தாண்டியிருக்கிறேன். அத்தனை பலகைகளைப் படித்தவன், நேரம் மாறுகிறது என்று சொல்லும் ஒரே பலகையைப் படிக்கவில்லை.

சேம்பர்லினில் 'டிக்னிட்டி' சிலை. 50 அடி உயரப் பெண், பின்னால் விரித்த போர்வை, கீழே மிசௌரி ஆறு. அரை மணி நேரம் நின்றேன். மிட்செலில் கார்ன் பேலஸ். சுவரெல்லாம் நிஜ மக்காச்சோளக் கதிர்களை அடித்து ஓவியமாக்கிய கட்டடம். 1892 முதல் ஏதோ ஒரு வடிவில் அந்த ஊரில் அது இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மணி நேரம். அங்கே ஒரு சுவர்க் கடிகாரமாவது கண்ணில் பட்டிருக்கலாம்.

விமானம் 5:40-க்கு. மான்ட்ரோஸ் எக்ஸிட் வந்தபோது போனில் மணி 3:10. கார் கடிகாரமும் அதையேதான் காட்டியது. காட்டாதா பின்னே, அது ராப்பிட் சிட்டியில் எடுத்த கார்! இரண்டு கடிகாரம் ஒத்துப்போனதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி 60 அடியில் ஒரு இரும்புக் காளைத் தலை, போர்ட்டர் சிற்பப் பூங்காவில். "நேரம் கொட்டிக் கிடக்கிறதே" என்று வண்டியைத் திருப்பினேன். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் திரும்பாமல் இருந்திருந்தால்கூட மூச்சிரைக்க ஓடி ஏறியிருப்பேன்.

விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது என் கணக்கில் மணி நாலரைகூட ஆகவில்லை. சுவரில் 5:25. ஓடாத கடிகாரம் என்று நினைத்தேன், சத்தியமாக. கவுன்டரில் இருந்த அம்மாதான் பொறுமையாகச் சொன்னார். டிக்கெட்டில் அச்சாகியிருப்பது எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். சூ ஃபால்ஸில் 5:40 என்றால் சென்ட்ரல் 5:40.

அதோடு விட்டதா? முதல் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள அடுத்த விமானங்களும் தானாக ரத்தாகிவிடும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. சிகாகோ, அங்கிருந்து சென்னை, எல்லாம் போனது. காரை நேரம் கழித்து விட்டதற்கு ஒரு நாள் வாடகை கூடுதல். மாணவனாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மறுநாள் டிக்கெட்டுக்கு ஒரே தேய்ப்பில் கரைந்தது. அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து "ஃப்ளைட் லேட்" என்றேன். லேட் ஆனது ஃப்ளைட் இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. கிளம்பும் காலையிலேயே போனில் 'தானியங்கி நேரம்' என்பதை அணைத்து, சேர வேண்டிய ஊரின் நேரத்தைக் கையால் வைத்துவிட வேண்டும். கார் கடிகாரத்தையும் அப்படியே. நடுவில் எந்தக் கோடு வந்தாலும் நமக்குக் கவலையில்லை. நெப்ராஸ்கா, கான்சாஸ், வடக்கு டகோட்டாவிலும் இதே இரட்டை நேரம்தான். டெக்சஸில் எல் பாசோ மவுண்டன், அங்கிருந்து பிராடா மார்ஃபாவைப் பார்க்கக் கிழக்கே போனால் சென்ட்ரல். 2005-இல் இரண்டு கலைஞர்கள் பாலைவனத்தில் கட்டிய பொய்க்கடை அது, என்றைக்குமே திறக்காது. அங்கே மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் நஷ்டமில்லை.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். "போன் தானா மாத்திக்கும்ணா" என்றான்.

எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது

ஒரு நாளைக்கு மூன்று. நாலாவதுதான் எனக்குக் காளைத் தலை.

ஓடிபி

பணம் கட்டுவதெல்லாம் சிக்னல் இருக்கும்போதே.

"இரண்டு நாள் இருக்க மாட்டேன்" என்று எல்லாருக்கும் அறிவிப்பது

வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போட வேண்டாம். அதற்காக யாரிடமும் சொல்லாமல் மறைந்துவிடவும் கூடாது. ஒரே ஒரு ஆளிடம் எக்ஸிட் எண்களின் பட்டியலையும் எத்தனை மணிக்குள் கூப்பிடுவேன் என்பதையும் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்து.

படத்தை உடனே அனுப்பத் துடிப்பது

ஊருக்குப் போய்க் காட்டலாம். அந்தக் காளைத் தலையின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்த நேரம் பிற்பகல் 3:22 என்று இன்றைக்கும் கூசாமல் சொல்கிறது.