மேட்ச் நடுவுல நுழையற தேர்தல் விளம்பரத்த கண்டுபிடிக்கிறது எப்படி

தலைவருங்க மேட்ச்ல வந்து நின்னு காசில்லாம பண்ற விளம்பரத்த புடிக்கணும்னா, முதல்ல ஒரு கிளிப்ப தேடி எடுத்து வச்சுக்கோங்க. 2025 ஜூலை 13, அமெரிக்காவோட நியூஜெர்சியில நடந்த ஃபுட்பால் கிளப் உலகக்கோப்பை ஃபைனல், லண்டன் கிளப் செல்சி 3-0ன்னு பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிய அடிச்சு காலி பண்ண மேட்ச். செல்சி கேப்டன் ரீஸ் ஜேம்ஸ் கையில ட்ரம்ப் கப்ப குடுக்குறாரு, வழக்கமா குடுக்கிறவங்க அத்தோட சத்தமில்லாம ஓரமா ஒதுங்கிடுவாங்க, இவர் ஒதுங்கல. ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ அவர நகர்த்தி கூட்டிட்டு போக பாக்குறாரு, செல்சி ஆட்டக்காரர் கோல் பாமர் இவர் ஏன் இன்னும் இங்கயே நிக்கிறாருன்னு புரியாம முழிக்கிறாரு, கடைசில கப்ப தூக்குறப்போ நீல ஜெர்சிக்கு நடுவுல கோட்டு சூட்டோட ஒருத்தர் கை தட்டிக்கிட்டு நிக்கிறாரு.

இத மூணு தடவ பாருங்க. ஒரு தடவ ஆட்டக்காரங்கள மட்டும், அடுத்த தடவ அரசியல்வாதிய மட்டும், மூணாவது தடவ ரெண்டையும் விட்டுட்டு கேமரா எங்க எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மட்டும். அந்த மூணாவது தடவதான் விஷயமே, வெள்ளிக்கிழம ஆபீஸ் முடிஞ்சு வந்து சும்மா பாக்கிறவனுக்கு இது கண்ணுல படாது, ஒருக்கா பழகிட்டா அப்புறம் பாக்காம இருக்க முடியாது, என் நெலம இப்ப அதுதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுறாங்கன்னா கணக்கு ரொம்ப சிம்பிள். 2020 சூப்பர் பௌல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல் நேரத்துல ட்ரம்பும், அவர எதிர்த்து அதிபர் தேர்தல்ல நிக்க முயற்சி பண்ண ப்ளூம்பெர்கும் ஆளுக்கு ஒரு நிமிஷ விளம்பரம் வாங்குனாங்க, ஆளுக்கு சுமார் 1 கோடி டாலர். அவ்வளவு காசு குடுத்தும் பாக்கிறவனுக்கு அது விளம்பரம்னு தெரிஞ்சுடும், எந்திரிச்சு பாத்ரூம் போயிடுவான். விஐபி பாக்ஸ்ல உக்காந்து கொடி ஆட்டுறதுக்கு காசும் இல்ல, அது விளம்பரம்னும் யாரும் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது காலண்டர். ஒரு தலைவர் திடீர்னு ஒரு விளையாட்டு மேல பாசம் காட்டுனா அங்க அடுத்த தேர்தல் எப்பன்னு பாருங்க. 2004 ஆகஸ்ட்ல ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ், நவம்பர்ல அமெரிக்க தேர்தல். ஈராக், ஆப்கானிஸ்தான் டீமெல்லாம் இப்ப சுதந்திர நாட்டு டீமா வருதுன்னு அப்போ அதிபரா இருந்த புஷ் தரப்பு ஒரு பிரசார விளம்பரம் விட்டுச்சு. ஈராக் ஃபுட்பால் பசங்க அங்க நல்லா ஆடிக்கிட்டு இருந்தாங்க, நாலாவது எடம் வரைக்கும் போனாங்க, அவங்களே எங்கள வச்சு ஓட்டு கேக்காதீங்கன்னு கடுப்பாகி பேட்டி குடுத்துட்டாங்க. அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியும் விளம்பரத்த நிறுத்த சொல்லி கேட்டுச்சு. அதனால காலண்டர பாத்த கையோட ஆட்டக்காரங்க என்ன சொல்றாங்கன்னும் தேடி பாத்துடுங்க.

விதி தெரிஞ்சு வச்சிருந்தா இன்னும் சுலபம். ஒலிம்பிக்ஸ தொடங்கி வைக்கிற நாட்டுத்தலைவர் பேச வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதையும் ஒலிம்பிக் சாசனமே எழுதி குடுத்திருக்கு, ஏன்னா மைக்க குடுத்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். 2002ல சால்ட் லேக் சிட்டியில புஷ் அந்த வாக்கியத்துக்கு முன்னாடி தன் நாட்ட புகழ்ந்து சொந்தமா ஒரு வரி சேத்துக்கிட்டாரு, அதுவும் பாக்ஸ்ல இருந்து இல்ல, அமெரிக்க வீரர்களுக்கு நடுவுல நின்னு.

சத்தத்த கவனிக்கிறது தனி கலை. தலைவர் முகம் பெரிய ஸ்கிரீன்ல வந்ததும் கூட்டம் என்ன பண்ணுதுன்னு கேளுங்க. 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ்ல அப்போ பிரிட்டன் நிதியமைச்சரா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் மெடல் குடுக்க வந்தாரு, மொத்த ஸ்டேடியமும் ஊளையிட்டுச்சு, பாவம் மனுஷன் சிரிச்சு சமாளிச்சாரு. இந்த பயம் இப்ப ஏற்பாடு பண்றவங்களுக்கே வந்துடுச்சு, 2025 யுஎஸ் ஓபன் ஆண்கள் ஃபைனலுக்கு ட்ரம்ப் வந்தப்போ கூட்டம் எப்படி ரியாக்ட் பண்ணுதுன்னு காட்டாதீங்கன்னு டென்னிஸ் சங்கமே டிவிக்காரங்கள கேட்டுக்கிச்சு. அதனால டிவிய மட்டும் நம்பாதீங்க, கேலரியில உக்காந்திருந்தவன் போன்ல எடுத்த வீடியோவ தேடுங்க, ஆடிக்கிட்டு கலங்கலாத்தான் இருக்கும் ஆனா சத்தம் உண்மையா இருக்கும்.

அப்புறம் பேரு, கலர். இத்தாலி கோடீஸ்வரர் பெர்லுஸ்கோனி இதுல எல்லாருக்கும் வாத்தியார். 1986ல ஏசி மிலன்ங்கிற ஃபுட்பால் கிளப்ப வாங்குனாரு, கட்சி ஆரம்பிச்சப்போ கேலரியில இத்தாலி ரசிகன் கத்துற கோஷத்தையே ஃபோர்ஸா இத்தாலியா (இத்தாலி, விடாத!ங்கிற மாதிரி) ன்னு பேரா வச்சுட்டாரு, 1994 மார்ச் தேர்தல்ல ஜெயிச்சு பிரதமரும் ஆயிட்டாரு. இனிமே எதிர்க்கட்சிக்காரன் மேட்ச் பாத்து கத்துனாலும் இவர் கட்சி பேரத்தான் கத்தணும். பிரேசில்ல தேசிய ஃபுட்பால் டீமோட மஞ்ச ஜெர்சிய முன்னாள் அதிபர் பொல்சொனாரோ ஆதரவாளருங்க ஊர்வலத்துக்கெல்லாம் போட்டு போட்டு, மத்தவங்க அத போடவே யோசிக்கிற நெலம வந்துச்சு. ஸ்டேடியத்து பேரையும் பாருங்க, 2023 மார்ச்ல அகமதாபாத் டெஸ்ட் தொடங்குறதுக்கு முன்னாடி மோடியும் ஆஸ்திரேலிய பிரதமர் அல்பனீஸும் அலங்கார வண்டியில ஒரு ரவுண்டு வந்தாங்களே, அந்த ஸ்டேடியத்து பேரே நரேந்திர மோடி ஸ்டேடியம்.

அதுக்காக கிரவுண்டுக்கு வர்ற எல்லாரையும் ஒரே தராசுல போட்டுடாதீங்க. 1995 ரக்பி உலகக்கோப்பை ஃபைனல்ல அப்போ அதிபரா இருந்த மண்டேலா தென்னாப்பிரிக்கா கேப்டன் பியனாரோட 6ஆம் நம்பர் பச்ச ஜெர்சிய போட்டுக்கிட்டு வந்தாரு. கறுப்பின மக்களுக்கு அந்த ஜெர்சி நிறவெறியோட அடையாளம், அவர் ஆளுங்களே முகம் சுளிப்பாங்கன்னு தெரிஞ்சும் போட்டாரு. அதுவும் அரசியல்தான், ஆனா கைத்தட்டல் நிச்சயமா கெடைக்கும்னு தெரிஞ்சு வந்து நிக்கிறதும் இதுவும் ஒண்ணு கெடையாது. வந்தவருக்கு இதுல ஏதாவது நஷ்டம் ஆக வாய்ப்பு இருந்துச்சான்னு ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, முக்கால்வாசி கேஸ் அங்கயே பிரிஞ்சுடும்.

கடைசியா ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் டெஸ்ட். போட்டோல தலைவர் மூஞ்சிய விரலால மறைச்சுட்டு மிச்சத்துல ஏதாவது இருக்கான்னு பாருங்க. 2018 ஃபுட்பால் உலகக்கோப்பை ஃபைனல் முடிஞ்சு மாஸ்கோ மழையில குரோஷியா அதிபர் கொலிண்டா கட்டம் போட்ட ஜெர்சியோட தொப்பலா நனைஞ்சு ஒவ்வொருத்தரையா கட்டிப்புடிச்சாங்களே, அதுல அவங்கள மறைச்சாலும் தோத்துப்போன குரோஷியா கேப்டன் மோட்ரிச் மூஞ்சி மிச்சம் இருக்கு, அத தாராளமா அனுப்பலாம். உலகமே கொண்டாடுன அந்த அம்மா 2020 ஜனவரியில அடுத்த தேர்தல்லயே தோத்துட்டாங்கங்கிறது வேற கதை. மறைச்சா வெறும் நாற்காலியும் நாலு செக்யூரிட்டியும்தான் மிச்சம்னா அது போஸ்டர், எனக்கு அனுப்பாதீங்க, ஃபேமிலி குரூப்ல ஏற்கனவே நெறைய வந்து கெடக்கு.