எண்ணெய் குடித்த சுவரில் டைல்ஸ் நிற்குமா?

அம்மா வீட்டு அடுப்படிக்கு 35 வயது. கறுத்த கடப்பாக்கல் மேடை, சிமெண்ட் அலமாரி, தாளிக்கும் பக்கம் மட்டும் பச்சை இனாமல் பெயிண்ட். மாடுலர் கிச்சன் கடையில் சொன்ன விலையைக் கேட்டதும், "அந்தக் காசுக்கு மாடியே எடுத்துடலாம்டா" என்றார் அம்மா. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். கையில் 40,000 ரூபாய்.

முதலில், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியை இரண்டடி நகர்த்தினால்கூடக் குழாய், தரை எல்லாம் உடைக்க வேண்டும். அதனால் தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேடையையும் விட்டுவிட்டேன். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துத்தான் இருந்தது. அம்மாவுக்கு அது கண்ணில் படவே இல்லை.

அடுத்து அளவு. மேடை 10 அடி, அதற்கு மேல் 2 அடி உயரத்துக்கு டைல்ஸ். 12க்கு 18 அங்குல டைலைப் படுக்கவைத்தால் இரண்டே வரிசை, வரிசைக்கு ஏழு. 14 போதும், நான் 18 வாங்கினேன். உடையும், வெட்டும்போது வீணாகும்; பின்னால் அதே நிறம் கிடைக்காது.

இப்போது என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். சலவை சோடாவும் வெந்நீரும் போட்டுச் சுவரைத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. அப்படியே சிமெண்ட் பூசி ஒட்டினேன். நான்காம் நாள் அடுப்புக்குப் பின்னால் இரண்டு டைல் மேடையில் விழுந்து கிடந்தன. எடுத்துத் திருப்பினால் முதுகில் பச்சைத் தோல்! சிமெண்ட் டைலை விடவில்லை, பெயிண்ட்தான் சுவரை விட்டிருக்கிறது.

அதனால் உளியும் சுத்தியலும் எடுத்து, பெயிண்ட் போய் மணல் தெரியும்வரை கொத்துங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது. தாளிக்கும் பக்கம் எனக்கு அப்படித்தான் நின்றது. அந்த இடத்தில் பூச்சையே பெயர்த்துப் புதிதாகப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டினேன்.

இரண்டாம் முறை சிமெண்ட் பக்கமே போகவில்லை, டைல் பசைதான். 20 கிலோ மூட்டை ஒன்று போதும். டைலை ஊறவைக்க வேண்டாம். அது சிமெண்டுக்கான வழக்கம். பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், சீக்கிரம் இறுகிவிடும். பழைய மேடையை நம்பாதீர்கள்: ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எங்கள் மேடை ஒரு பக்கம் சரிந்திருந்தது. முதல் வரிசை கோணினால் எல்லாம் கோணல்தான். நேர்வெட்டுக்குக் கைக் கட்டர். சுவிட்ச் பெட்டி வரும் இடத்துக்கு மட்டும் கிரைண்டர், கண்ணாடி போட்டுக்கொண்டு. அங்கே வேலை செய்யும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

டைல்களுக்கு நடுவே உள்ள இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டவே வேண்டாம், ஒரே மாதத்தில் மஞ்சள்தூள் நிறம் ஏறிவிடும். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது எபாக்ஸி (இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) போடுங்கள். விலை அதிகம்தான். வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் அப்புறம் சுரண்டியும் போகாது.

பின்சேர்க்கை: பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பெயர்த்துவிட வேண்டும். கெட்டியாக இருந்தால் எண்ணெய் போகக் கழுவி, டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள். சுவர் தடிமன் கூடுவதால் சுவிட்ச் பெட்டி உள்ளே அமுங்கிவிடும். அதற்கு நீளமான திருகு வேண்டியிருக்கும்.