கரன்ட் இணைப்பு இல்லாத இடத்தில் டிரெய்லரில் குடும்பத்தோடு முதல் முகாம்: படிப்படியான விளக்கம்

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு, வாங்கியவர்கள் ஆரம்பத்தில் கரன்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள முகாம் தளங்களில்தான் தங்குவார்கள். அங்கே சுவிட்சைப் போட்டால் ஏசி ஓடும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். எந்த இணைப்பும் இல்லாத காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ போய் நிறுத்தினால் கணக்கு மாறிவிடும். கையில் இருப்பது பேட்டரியில் உள்ள கரன்ட், தொட்டியில் உள்ள தண்ணீர், சிலிண்டரில் உள்ள கேஸ், கழிவுத் தொட்டிகளில் மிச்சம் இருக்கும் இடம், அவ்வளவுதான். இந்த நான்கில் எது முதலில் தீர்கிறதோ, அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பேட்டரிதான் முதலில் தீரும் என்று நினைத்து சோலார் பேனல், ஜெனரேட்டர் என்று வாங்கிக் குவிப்பவர்கள் நிறைய. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முதலில் கைவிரிப்பது பெரும்பாலும் சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க்தான். அதனால் முதல் தடவை எதையும் புதிதாக வாங்காமல், இரண்டே இரவு போய்வாருங்கள் என்பேன். உங்கள் குடும்பத்துக்கு எது தீர்கிறது என்று தெரிந்த பிறகு பணத்தைச் செலவழிக்கலாம்.

படி 1: கிளம்பும் முன் ஓர் ஒத்திகை இரவு, வீட்டு வாசலில்

டிரெய்லரை வாசலில் நிறுத்தி, வெளிக் கரன்ட் வயரைக் கழற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லோரும் ஒரு இரவு அதிலேயே படுங்கள். சமையல், பாத்திரம் கழுவுவது, பல் தேய்ப்பது, கழிவறை எல்லாம் உள்ளேதான். எதையாவது எடுக்க வீட்டுக்குள் ஓட வேண்டியிருந்தால் அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல், டார்ச், குழந்தையின் காய்ச்சல் மருந்து எல்லாம் இப்படித்தான் பட்டியலில் ஏறும். இணையத்தில் கிடைக்கும் எந்தப் பட்டியலையும்விட இது உங்களுக்குப் பொருந்தும்.

படுக்கும் முன்பும் காலையிலும் பேட்டரி வோல்ட்டேஜைப் பார்த்து எழுதிவையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி, லோடு எதுவும் இல்லாமல் ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஹீட்டர் ஓடும்போது பார்த்தால் குறைத்துக் காட்டும், சார்ஜரைக் கழற்றிய உடனே பார்த்தால் கூட்டிக் காட்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் வோல்ட்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றுவிட்டுத் திடீரென்று விழும். அதற்கு, உள்ளே போகும், வெளியே வரும் கரன்ட்டை ஷன்ட் என்ற பாகத்தால் அளந்து கணக்குக் காட்டும் பேட்டரி மானிட்டர்தான் சரி.

சுவரில் தொட்டி அளவு காட்டும் குட்டி விளக்குகளை ரொம்ப நம்பாதீர்கள். கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க்கின் சென்சாரில் ஒரு துண்டு பேப்பர் ஒட்டிக்கொண்டால் போதும், காலித் தொட்டியும் நிறைந்ததாகவே காட்டும்.

படி 2: கரன்ட் கணக்கு

உங்களிடம் 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்-அவர் என்பது ஒரு ஆம்ப் கரன்ட்டை ஒரு மணி நேரம் இழுத்தால் செலவாகும் அளவு. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 50 ஆம்ப்-அவர். அதே அளவு லித்தியம் பேட்டரியில் 80-க்கு மேல் எடுக்கலாம்.

எல்இடி விளக்குகளைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒவ்வொன்றும் கால் ஆம்ப் அளவுக்குத்தான் இழுக்கும். தண்ணீர் பம்ப் 5, 6 ஆம்ப் இழுத்தாலும் நாள் முழுக்கச் சேர்த்துச் சில நிமிடங்கள்தான் ஓடும். பேட்டரியைக் குடிப்பது ஹீட்டர். கேஸில்தானே எரிகிறது என்று தோன்றும். ஆனால் சூடான காற்றைத் தள்ளும் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது, 7 முதல் 8 ஆம்ப் வரை. குளிர்ந்த இரவில் எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் அது ஓடினாலே 30 ஆம்ப்-அவர் போய்விடும். நமக்கு இருந்ததே 50. போதாக்குறைக்கு கேஸ் லீக் அலாரம், ரேடியோ, ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு இவையெல்லாம் சத்தமில்லாமல் இழுப்பது அரை ஆம்ப் என்றாலும், 24 மணி நேரத்துக்கு 12 ஆம்ப்-அவர். ரேடியோவை அணைத்துவிடுங்கள். அலாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

ஆகவே கரன்ட்டைச் சேமிக்க நல்ல வழி கனமான போர்வைதான். தெர்மோஸ்டாட்டை இறக்கிவைத்து, குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பியும் சாக்ஸும் போட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஏற்றினால் போதும்.

இன்வெர்ட்டரில் ஹேர் டிரையர், டோஸ்டர் வேண்டாம். 1200 வாட் சாதனம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். பத்தே நிமிடத்தில் 20 ஆம்ப்-அவர் காலி. ஏசியை மறந்துவிடுங்கள். முதல் தடவை ஏசி தேவைப்படாத பருவத்தில் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஃபிரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். கேஸில் ஓடும் வகைக்கு பேட்டரி மிகக் கொஞ்சம்தான் வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் வகை என்றால் நாளெல்லாம் பேட்டரியில்தான் ஓடும், ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரி அதற்குத் தாங்காது. எந்த வகையானாலும் முந்தைய நாளே வீட்டுக் கரன்ட்டில் குளிரவைத்து, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களை மட்டும் அடுக்குங்கள்.

படி 3: தண்ணீர், உள்ளே வருவதும் வெளியே போவதும்

இதில்தான் குடும்பத்தோடு போவதற்கும் தனியாகப் போவதற்கும் வித்தியாசம் தெரியும். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 7 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் போகும். நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் 140 லிட்டர். பல டிரெய்லர்களில் தொட்டியே அவ்வளவுதான். அதைவிடச் சங்கடம், குளித்த தண்ணீர் முழுவதும் கிரே டேங்கில் போய் நிற்பது. அது நிறைந்துவிட்டால் சிங்கில் ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் தாழ்வான ஓட்டையைத் தேடி, ஷவர் தரை வழியாக மேலே வரும். பருக்கையும் எண்ணெய்யும் மிதக்கும் அந்தத் தண்ணீரை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

குளிப்பதை இப்படிச் செய்யுங்கள்: உடம்பை நனைத்துவிட்டு நிறுத்து, சோப்புப் போடு, திறந்து அலசு. ஒருவருக்கு 10 லிட்டருக்குள் முடியும். குழந்தைகளுக்கு ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வெந்நீர் வருவதற்கு முன் வரும் பச்சைத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள். பாத்திரம் அலசிய தண்ணீரையும் ஒரு பேசினில் பிடித்து அப்படியே பயன்படுத்தலாம். இதனால் கிரே டேங்க் நிறைவது தள்ளிப்போகும், பிளாக் டேங்குக்கு வேண்டிய தண்ணீரும் கிடைக்கும். தட்டுகளைக் கழுவும் முன் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சிக்கனத்துக்குப் பழக்கியது எங்கள் அறிவுரை கிடையாது, பம்ப்தான். காட்டு அமைதியில் குழாயைத் திறந்தால் தரைக்கு அடியிலிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். பல் தேய்க்கும்போது அந்தச் சத்தம் நீண்டால் பக்கத்துப் படுக்கையிலிருந்து "பம்ப்!" என்று ஒரு குரல் வந்துவிடும். இரவில் யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் விட்டு விட்டு ஓடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். படுக்கும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவைப்பது நல்லது.

கிளம்பும் முன் நல்ல தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச், தொட்டி கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் 1 மில்லி வீதம் கலந்து, எல்லாக் குழாய்களிலும் வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தனி கேன்களில் எடுத்துப் போவதே என் வழக்கம். 150 லிட்டர் தண்ணீர் என்பது 150 கிலோ, டிரெய்லரின் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாக் டேங்கில் மட்டும் தண்ணீர்ச் சிக்கனம் கூடாது. முதலில் ஒரு வாளி தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றிவிட்டுத்தான் கழிவறையைப் பயன்படுத்த ஆரம்பிக்க வேண்டும். சீக்கிரம் கரையும் பேப்பர் மட்டும் போடலாம். ஈரத் துடைப்பான் எதுவும் உள்ளே போகக் கூடாது, பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

படி 4: கேஸ்

சிலிண்டரில் இருப்பது புரோப்பேனா, பியூட்டேனா என்று கேட்டு வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாமல் படுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். 9 கிலோ புரோப்பேன் சிலிண்டர் ஒன்று, இரண்டு இரவுச் சமையலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மிதமான ஹீட்டர் பயன்பாட்டுக்கும் தாராளமாக வரும்.

கார்பன் மோனாக்ஸைடு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். அடுப்பு, ஜெனரேட்டர் எரியும்போது வரக்கூடிய இந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள். அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கக் கூடாது. சமைக்கும்போது ஒரு ஜன்னலும் கூரை வென்ட்டும் திறந்திருக்கட்டும். ஜெனரேட்டர் வைத்திருந்தால் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வேறு பக்கம் போகும்படி வையுங்கள். இரவிலும் கூரை வென்ட்டை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் விட்ட மூச்சு காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீராக வழியும்.

படி 5: இடம் பார்ப்பது

அனுமதி உண்டா, எத்தனை நாள் தங்கலாம், தீ மூட்டலாமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது முக்கியம். மண் பாதை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவரட்டும்: தாழ்ந்த கிளை, சேறு, கடைசியில் திரும்ப இடம் இருக்கிறதா. டிரெய்லரோடு ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுப்பதைவிட ஒரு கிலோமீட்டர் நடப்பது சுலபம்.

படி 6: நிறுத்துவது

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். பின்னால் நின்று வழி சொல்பவர், டிரைவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். குழந்தைகள் அந்த நேரத்தில் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி.

அப்புறம் வரிசை மாறக் கூடாது. முதலில் இடது வலது சமம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டை வைத்து ஏற்றுங்கள். இரண்டாவது, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை. அதன் பிறகே வண்டியோடு இணைக்கும் கொக்கியான ஹிட்ச்சைக் கழற்றி, முன்ஜாக்கை ஏற்றி இறக்கி முன்பின் சமம் பார்க்க வேண்டும். கடைசியில் நான்கு மூலைக் கால்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. கேஸ் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சமம் பார்ப்பதில் அலட்சியம் காட்டக் கூடாது. சாய்ந்து நின்றால் அதற்குள் திரவம் சரியாக ஓடாது, ஃபிரிட்ஜ் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும்.

படி 7: கிளம்புவது, காலி செய்வது

படிக்கட்டு, ஆன்டெனா, கூரை வென்ட், மூலைக் கால்கள் எல்லாம் மடக்கியாயிற்றா என்று ஒருவர் சுற்றிவரட்டும், இன்னொருவர் மறுபடி சுற்றிவரட்டும். வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, பிரேக் விளக்கைச் சரிபாருங்கள். டிரெய்லர் ஓடும் வழியில் கழன்றுவிட்டால் அதன் மின் பிரேக்கைப் பிடிக்கவைப்பது டிரெய்லரின் பேட்டரிதான். ஆகவே கடைசி இரவுதானே என்று அதை வறட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கழிவை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும், பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட மண்ணில் வேண்டாம். முதலில் பிளாக், பிறகு கிரே. கிரே தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிய பிறகுதான் நல்ல தண்ணீர்க் குழாயைத் தொடலாம்.

வீட்டுக்கு வந்ததும், நான்கில் எது முதலில் தீர்ந்தது என்று பாருங்கள். கிரே டேங்க் என்றால் சக்கரம் வைத்த கழிவுநீர்த் தொட்டி ஒன்று வாங்கலாம். பேட்டரி தீர்ந்து, தங்கிய இடத்தில் நல்ல வெயிலும் இருந்திருந்தால் சோலார் பேனல். 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 25 ஆம்ப்-அவர் வரை தரும், மரநிழல் விழுந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஹீட்டர்தான் பேட்டரியைத் தின்றது என்றால், பேனலுக்கு முன்னால் இன்னும் இரண்டு போர்வை வாங்குங்கள்.