நெல் தராசைச் சரிபார்க்கப் போகும் தம்பி, தங்கச்சிமாருக்கு

தை, மாசியில் பெரும்போக நெல் வெட்டி ஏறும்போது வன்னியில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பரந்தன், முழங்காவில், ஒட்டுசுட்டான் என்று எல்லாப் பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். கூடுதலாக வருவது 300 கிலோ மேடைத் தராசுதான். அதையே வைத்துச் சொல்கிறேன்.

போய் இறங்கியதும் ஆலை முதலாளி, "தம்பி, உந்தப் பட்டனை அமத்தி டக்கெண்டு சரியாக்கி விடுங்கோ, லொறி நிக்குது" என்பார். அமத்தாதீர்கள். தராசு இப்போது என்ன காட்டுகிறதோ அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அழித்துவிட்டால், இதுவரை நிறுத்த நெல்லில் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

தராசு வெயிலில் இருந்தால் நிழலுக்கு மாற்றி, மட்டம் பார்த்து, கரண்ட் கொடுத்து அரை மணித்தியாலம் விடுங்கள். பக்கத்தில் காற்றாடி ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் படிக்கல். எம்1 என்ற துல்லியத் தரத்து 20 கிலோ இரும்புக் கல்லில் 1 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஓட்டோவில் இருந்து தூக்கிப் போடாதீர்கள், சிமெந்துத் தரையில் இழுக்காதீர்கள். துருப் பிடிக்கிறதென்று வீட்டில் யாராவது பெயின்ட் பூச வந்தால் தடுங்கள், பெயின்டுக்கும் நிறை உண்டு.

முதல் சோதனை மூலைகளில். ஐந்து 20 கிலோக் கற்களை, அதாவது தராசின் கொள்ளளவில் மூன்றில் ஒன்றை, ஒவ்வொரு மூலையிலும் மாறிமாறி வையுங்கள். ஒரு மூலை மட்டும் குறைத்துக் காட்டினால் எழுதிவிட்டுத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழே நெல்லும் உமியும் இறுகிக் கிடக்கும். அது இல்லையென்றால், தட்டின் கீழே பாரத்தை உணரும் நாலு லோட்செல்லின் வயரும் சேரும் பெட்டியைத் திறவுங்கள். அங்கே எறும்பு குடியிருக்கும், இல்லாவிட்டால் எலி வயரைக் கடித்திருக்கும். இதெல்லாம் பட்டனால் தீராது.

இனித்தான் நுட்பமான வேலை. 100 கிராமுக்கு ஒருதடவை எண் மாறும் தராசு 50.0 என்று காட்டினால், உள்ளே அது 49.95 ஆகவும் இருக்கலாம், 50.05 ஆகவும் இருக்கலாம். ஆகவே 50 கிலோவை ஏற்றி, பக்கத்தில் 10 கிராம் படிகளை ஒவ்வொன்றாக வையுங்கள். மூன்றாவதை வைத்ததும் 50.1க்குத் தாவுகிறதா? பாதிப் பிரிவான 50 கிராமிலிருந்து, வைத்த 30 கிராமைக் கழியுங்கள். தராசு 20 கிராம் கூட்டிக் காட்டுகிறது. சர்வதேசப் பரிந்துரைப்படி இந்த வகைப் புதுத் தராசுக்கு 50 கிலோ வரை 50 கிராம், 200 கிலோ வரை 100 கிராம், அதற்கு மேல் 150 கிராம் வரை பிழை இருக்கலாம். ஏற்றும்போது பார்த்ததை இறக்கும்போதும் பாருங்கள்.

பெட்டி பிரிக்காத புதுத் தராசென்றும் நம்பிவிடாதீர்கள். லோட்செல் அளப்பது கல்லின் பாரத்தை, அந்தப் பாரம் இடத்துக்கு இடம் மாறும். ஜேர்மனியில் புவியீர்ப்பு சுமார் 9.81, நம் பக்கம் சுமார் 9.78. அங்கே சரிசெய்ததை இங்கே அப்படியே வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு 150 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். போவது விவசாயியின் நெல்.

திருத்திய பிறகு எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். பழைய எண், புது எண், படிக்கல்லின் சான்றிதழ் இலக்கம், திகதி எழுதிக் கையெழுத்து வைத்து ஒரு பிரதியை ஆலையில் கொடுங்கள். முத்திரை குத்துவது எங்கள் வேலையில்லை, அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. முத்திரையை உடைத்துத் திருத்தியிருந்தால், அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தத் தராசில் நெல் வாங்க வேண்டாமென்று முதலாளியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதையும் அதே தாளில் எழுதுங்கள்.