ஆவண அட்டவணையில் ஆதாரம் குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடும்பத்தின் பழைய கடிதக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதத்தில் ‘விகுருதி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தது. முன்பு அட்டவணை போட்டவர் அதை 1890 என்று பதிந்திருந்தார். அறுபது வருடச் சுற்றில் விகுருதி 1890இலும் வரும், 1950இலும் வரும். கடிதத்தின் உறை வேறொரு கட்டில் அகப்பட்டது. அதில் ஒட்டியிருந்தது விடுதலைக்குப் பிந்தைய தபால்தலை. ஆக, 1950.

தவறு யாருக்கும் நேரும். 1890 எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல்கூட எழுதாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். வீட்டுப் பெரியவர் சொன்னதா, பழைய பட்டியலில் இருந்ததா, அட்டவணையாளர் தானே போட்ட கணக்கா? அது தெரிந்திருந்தால் அதே வழியில் ஆண்டு குறிக்கப்பட்ட மற்ற கடிதங்களை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கலாம். தெரியாததால் முழுக் கட்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். ஆவணத்திலேயே உள்ளது, கொடுத்தவர் வாய்மொழியாகச் சொன்னது, நாம் ஊகித்தது, மூன்றையும் ஒரே குரலில் எழுதிவிடுகிறோம். ஊகத்தைச் சதுர அடைப்பில் போட்டு, பக்கத்திலேயே காரணத்தையும் எழுதலாம்: ‘விகுருதி, ஆவணி [1950, உறையின் தபால்தலைப்படி]’. வேறு குறியீடு பிடித்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பெட்டி முதல் கடைசிப் பெட்டி வரை அதே குறியீடு இருக்க வேண்டும்.

அடுத்தது, அரைகுறை எண். ‘அரசாணை 412’ என்று எழுதினால் யாராலும் அதைத் தேடி எடுக்க முடியாது. ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை, அதுவும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். எண், வகை, துறை, நாள் நான்கும் வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் சுவடி எண்களுக்கு முன்னால் ‘டி’ அல்லது ‘ஆர்’ என்ற எழுத்து வரும். அந்த எழுத்தை விட்டால் வேறு சுவடிக்குப் போய்விடுவோம்.

கல்வெட்டில் இன்னும் கவனம் தேவை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் 1898ஆம் ஆண்டின் 1, 2 என்று எண். அதை ‘1/1898’ என்று சுருக்கினால் ஜனவரி 1898 என்று படிப்பவர்களும் உண்டு. ஆண்டறிக்கை எண் வேறு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் உள்ள வரிசை எண் வேறு. எது எதுவென்று சொல்லாமல் வெறும் எண்ணைத் தரக்கூடாது.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற ஒரே நூலை ஓரிடத்தில் ‘தெ.இ.க.’ என்றும், இன்னோரிடத்தில் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக ‘எஸ்.ஐ.ஐ.’ என்றும், வேறிடத்தில் முழுப்பெயரிலும் எழுதுவதும் அப்படித்தான். கணினியில் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வராது. வேலை தொடங்கும் அன்றே சுருக்கக் குறிப் பட்டியல் ஒன்று போட்டு, குழுவில் எல்லோரும் அதையே பின்பற்றுவது நல்லது.

அப்புறம், பார்க்காத மூலத்தைப் பார்த்ததுபோல் எழுதுவது. ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்த தகவலென்றால் அந்தப் புத்தகத்தையும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூல ஆவணத்தின் எண்ணை மட்டும் போட்டால், அந்த நூலாசிரியர் செய்த பிழைக்கு நாம் சாட்சி சொன்னதாகிவிடும்.

இதையெல்லாம் எங்கே எழுதுவது என்று கேட்பார்கள். ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு விதியான ஐசாட்-ஜியில் ‘காப்பாளர் குறிப்பு’ என்று 3.7.1இல் தனி இடமே இருக்கிறது. யார் விவரித்தார், எவற்றைப் பார்த்து விவரித்தார் என்பதெல்லாம் அதில் வரும். நம் அட்டவணைகள் பலவற்றில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது.

சரி, பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம். பழையதை அழித்துவிடலாமா? கூடாது. யாராவது ஏற்கெனவே 1890 என்று மேற்கோள் காட்டியிருக்கலாம். அதனால் அந்தக் கடிதத்துக்கு இப்படி எழுதினேன்: ‘முந்தைய அட்டவணையில் 1890, ஆதாரம் தரப்படவில்லை. உறையின் தபால்தலைப்படி 1950 எனத் திருத்தப்பட்டது.’ கீழே திருத்திய நாளும் என் பெயரும்.